ஆறாம் மாடிக்காரரின் ஒரே சொல்

எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தவரோடு கீழே இறங்க லிஃப்ட்டில் ஏறினால் முதல் மாடி கடப்பதற்குள் சுகம் விசாரிப்பார், அடுத்த மாடி கடப்பதற்குள் மழையைப் பற்றி ஒரு வசனம் சொல்வார். அதற்குப் பிறகு கீழே போய்ச் சேரும்வரை லிஃப்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் ஓர் அர்த்தத்தை விளக்குவார். கதவு திறக்கும்போது விளக்கம் முடிந்திருக்கும். தூரத்தை அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும் பேச்சு. இடையில் மூன்றாம் மாடியில் யாராவது ஏறி அதைக் குழப்பினால், கீழே வந்த பிறகும் கதவைக் கையால் மறித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லிவிட்டுத்தான் எங்களை வெளியே விடுவார்.

அவருக்கு மற்ற ஆங்கிலச் சொற்கள் தெரியாமலில்லை. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தவர். ஆனாலும் அக்கறை இந்த ஒரு சொல்லில் மட்டும்தான். ‘ரன்’ என்ற சொல்லுக்கு இதைவிடக் கூட அர்த்தம் இருக்கிறதாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“இருக்கலாம் மிஸிஸ். அத வேற யாராச்சும் பாத்துக்குவாங்க” என்றார்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது எங்கள் கட்டடம். ரயில் போனால் யன்னல் அதிரும். கடற்காற்றில் சாவியிலிருந்து கதவுப் பிணைச்சல் வரை எல்லாம் துருப்பிடிக்கும். இருப்பவர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்தார். கணக்காளர்கள், வங்கிக்காரர், பிள்ளைகளைப் படிப்பிப்பதற்காக வந்து தங்கிப் பிறகு போகாமல் விட்டவர்கள். அவர் ஒருவர்தான் இந்த நகரத்து ஆள், கொட்டாஞ்சேனைக்காரர். மனைவி இறந்த பிறகு, மெல்பேர்னில் இருக்கும் மகன் வாங்கிவிட்ட வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் வெள்ளைச் சேர்ட் போட்டு, பஸ் ஏறி, கொட்டாஞ்சேனைக்குப் பூசைக்குப் போவார். வரும்போது அங்குள்ள பேக்கரியில் பாண் வாங்கி வருவார். வெள்ளவத்தையில் விற்பதை அவர் பாண் என்று ஒத்துக்கொண்டதே இல்லை.

எங்களைப் போன்றவர்கள் ஒரு கட்டடத்தில் குடியேறினால் முதலில் செய்வது கமிட்டி அமைப்பது. தலைவர், செயலாளர், பொருளாளர், உப பொருளாளர், போசகர் எல்லாரும் வேண்டும். படிக்கட்டில் ஒரு பல்ப் மாற்றுவதென்றாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். அவர் செயலாளர். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்க்காரரை அந்தப் பதவியில் போட்டாலும் மற்ற ஊர்க்காரர் சம்மதிக்கமாட்டார்கள் என்பதால் கொட்டாஞ்சேனைக்காரரைப் போட்டார்கள்.

சொல்மேல் அவருக்குப் பித்துப் பிடித்ததும் கமிட்டியால்தான். நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று லிஃப்ட் வாசலில் மும்மொழியிலும் அறிவித்தல் ஒட்டுவதாக இருந்தது. சிங்களமும் ஆங்கிலமும் உடனே தயாராகிவிட்டன. தமிழில் மின்தூக்கி என்று போடுவதா, மின்னுயர்த்தி என்று போடுவதா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர், தூக்கு என்று எழுதியிருந்தால் மனிதன் எப்படி நிம்மதியாக ஏறுவான் என்று கேட்டார். மூன்றாம் மாடி ராணி அக்கா லிஃப்ட் என்றே போடுங்கோ என்றார். மூல அர்த்தத்தைப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று செயலாளர் அகராதியைத் திறந்தார். அதற்குள் போனவர் திரும்பி வரவேயில்லை. இன்றுவரை எங்கள் லிஃப்ட் வாசலில் தமிழில் அறிவித்தல் கிடையாது. அரசாங்கக் கந்தோர்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் தமிழில் எழுதுகிறார்களில்லை என்று குறைசொல்லிவிட்டு வந்து, அந்த வாசலில்தான் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கிறோம்.

உருளைக்கிழங்கை மண்ணிலிருந்து கிண்டி எடுப்பதற்கும் லிஃப்ட் என்று சொல்வார்களாம். இதை அறிந்த வாரம் மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். கடை முதலாளியிடம் சிங்களத்தில், நுவரெலியாவில் கிழங்கை ‘உஸ்ஸனவா’ என்று சொல்வதுண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தூக்குவதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். பேச்சில் களவெடுப்பதற்கும் அதுதான்.

“மாத்தயா, மம உஸ்ஸலா நே. பில் எக்க தியெனவா” என்றார் முதலாளி. நான் களவெடுக்கவில்லை, பில் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் மகிழ்ச்சி தாங்காமல் என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா மிஸிஸ். இங்கிலீசுலயும் கடையில களவெடுக்கிறதுக்கு இதே சொல்லுதான். ஒரே யோசனை எல்லா மனுசனுக்கும் வருது.” அந்தச் சந்தோசத்தில் தேவைக்கு மேல் கிழங்கு வாங்கினார். முதலாளி அவர் போகும்வரை தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ராணி அக்காவின் மாமனார் இறந்து, உடலைப் பொரளையில் மலர்ச்சாலையில் வைத்திருந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆண்கள் குறைவாக இருந்ததால் இவரும் தோள் கொடுத்தார். கொடுத்தவர், எதிர்ப்பக்கம் பிடித்திருந்தவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

“உந்த மனுசன் என்ன சொன்னது தெரியுமே?” என்று ராணி அக்கா பிறகு என்னிடம் கேட்டார். “அகராதியில இதுதான் முதலாவது அர்த்தமாம். எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. மாமா போனதுக்கு நான் சிரிக்கிறன் எண்டெல்லோ சனம் நினைச்சிருக்கும்.”

சப்பாத்துக் குதியில் அடுக்கும் தோல் துண்டுக்கும் அதே பெயர் என்று காட்ட ஒருநாள் லிஃப்ட்டுக்குள்ளேயே ஒரு சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்தார். விமானத்தின் சிறகு, மூடுபனி, விரல் அடையாளம், மற்றவர் எழுதியதைத் திருடி எழுதும் மாணவன் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஊரடங்குச் சட்டத்தை நீக்குவதற்கும் அதே சொல்தான். அந்த அர்த்தத்தை மட்டும் அவர் விளக்கியதில்லை. “அது உங்களுக்கே தெரியும்” என்றார். அன்று கீழ்வரை மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எனக்கு இதெல்லாம் முதலில் பகிடியாகத்தான் இருந்தது. மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் பகிடி போய்விட்டது. கணவர் டோஹாவில். புலமைப்பரிசில் பரீட்சை முழுவதும் என் தலையில் இருந்தது. மதுரா பாடசாலையால் வந்து, ரியூசன் போய், மாதிரி வினாத்தாள் செய்து, தூங்குகிற பிள்ளை. அவளுடைய மூளையில் இவர் கொண்டுபோய் நிரப்பும் ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஒரு சூழலியல் விடை வெளியே விழுந்துவிடும் என்று நான் உண்மையாகவே பயந்தேன். அவர் லிஃப்ட்டுக்கு நிற்பதைக் கண்டால் அவளைப் படிக்கட்டால் இழுத்துக்கொண்டு போவேன். அவளோ அவரைக் கண்டால் கையை உதறிக்கொண்டு ஓடுவாள்.

“அம்மா, அங்கிள் இண்டைக்குப் புதுசு ஒண்டு சொல்லுவார்.”

“சோதினை முடியட்டும். பிறகு கேள்.”

“அதுக்குள்ள அவர் வேற ஆருக்கும் சொல்லிப்போடுவார்.”

இனிச் சாவியின் கதையைச் சொல்லவேண்டும். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்க நீளமான, மெல்லிய சாவி ஒன்று இருக்கிறது. காவலாளி பியதாச ஒருமுறை, பிள்ளைகளின் பந்து கீழே விழுந்துவிட்டதென்று அந்தச் சாவியால் கதவைத் திறந்து, லிஃப்ட் ஓடும் குழிக்குள் தலையை நீட்டியிருக்கிறார். கமிட்டி நடுங்கிப்போய் அவசரக் கூட்டம் கூட்டியது. சாவி எந்நேரமும் செயலாளரின் உடம்பில் இருக்கவேண்டும், கமிட்டி உறுப்பினர் தவிர வேறு எவர் கையிலும் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம். அவர் சொன்ன சொல் தவறாதவர். அதைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டார். மேலதிகச் சாவி மொட்டைமாடியில் மெஷின் அறைக்குள் பாதுகாப்பாகப் பூட்டப்பட்டது. மெஷின் அறையின் சாவியும் அதே சங்கிலியில். இந்த ஏற்பாட்டை இரண்டு கணக்காளர்களும் ஓர் எஞ்சினியரும் ஓர் அதிபரும் கவனமாகக் கேட்டு ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். செயலாளரும் லிஃப்ட்டில்தான் போய்வருகிறார் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து கை உயர்த்தியவள்தான்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் பம்பலப்பிட்டியில். நேரத்தோடு வெளிக்கிட்டோம். எங்கள் ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட் வந்தபோது, உள்ளே அவர் பூசைக்குப் போக வெள்ளைச் சேர்ட்டோடு நின்றார். இன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். தலையாட்டினார். மகள் ஏறிய பிறகுதான் தண்ணீர்ப் போத்தல் மேசையிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

“நீங்கள் இறங்குங்கோ, நான் அடுத்ததில வாறன்” என்றேன்.

கதவு மூடியது. நான் போத்தலை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டும்போது மின்சாரம் போனது. அந்தச் சத்தமின்மையை இன்றைக்கும் என்னால் தாங்கமுடிவதில்லை. குளிர்சாதனப் பெட்டி, பக்கத்து வீட்டு மின்விசிறி, கீழே தண்ணீர் மோட்டர் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன. ஜெனரேட்டர் வாங்குவது பற்றிக் கமிட்டி அப்போதும் ஆலோசித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒவ்வொரு மாடியிலும் கதவில் காதை வைத்தபடி படியால் ஓடினேன். மூன்றாம் மாடியில் அவருடைய குரல் கேட்டது.

“அப்ப, புள்ள, மூடுபனி விலகுது. அதுவும் லிஃப்ட். யாரும் தூக்கல்ல. தானாப் போகுது.”

“மதுரா” என்று கதவைத் தட்டினேன்.

“ஓம் அம்மா. இஞ்சதான் நிக்கிறம்.”

“மூச்சு எடுக்கேலுமே?”

“ஏலும். தட்டாதேங்கோ அம்மா. அங்கிள் கதைக்கிறார்.”

லிஃப்ட் மூன்றாம் மாடித் தரைக்கு முழங்கால் அளவு கீழே நின்றிருந்தது. உள்கதவை மகள் கையால் தள்ளி ஒரு சாண் அளவுக்கு விலக்கியிருந்தாள். வெளிக்கதவு இறுக்கமாகப் பூட்டியபடி. அதன் அடியில் மட்டும் ஒரு மெல்லிய வெடிப்பு. நான் நிலத்தில் படுத்து அதற்குள்ளால் பார்த்தேன். செல்போன் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைத் துணி கொஞ்சம் அசைந்தது. அது என் மகளுடைய யூனிஃபோமா, அவருடைய சேர்ட்டா என்றுகூடத் தெரியவில்லை.

ராணி அக்கா தலையில் துவாயோடு வெளியே வந்தார். பியதாச கீழிருந்து ஓடிவந்தார்.

“யத்துர கோ?” என்றார் பியதாச. சாவி எங்கே.

“செயலாளரிட்ட” என்றார் ராணி அக்கா.

“செயலாளர் கோ?”

ராணி அக்கா லிஃப்ட்டைக் காட்டினார். பியதாச தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன். தெமட்டகொடையிலிருந்து வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு வீட்டுச் சேவல் கூவியது. அவர் இன்னும் பாயால் எழும்பவில்லை என்பது விளங்கிவிட்டது. உள்ளே பேச்சு நிற்கவில்லை. செயலாளர் இப்போது உருளைக்கிழங்குக்கு வந்திருந்தார். என் பிள்ளை இருட்டுப் பெட்டிக்குள், பரீட்சை மணி நெருங்குகிறது, இந்த மனிதர் நுவரெலியாவில் கிழங்கு கிண்டிக்கொண்டிருக்கிறார். அவரை எனக்கு அவ்வளவு வெறுப்பாக இருந்தது.

“அங்கிள், தயவுசெய்து அதை நிப்பாட்டுங்கோ. சாவியை இந்த வெடிப்புக்குள்ளால தள்ளிவிடுங்கோ. பியதாச திறப்பார்.”

உள்ளே பேச்சு நின்றது. ஒரு நீண்ட மூச்சு இழுக்கும் சத்தம்.

“மிஸிஸ், அங்க கமிட்டி மெம்பர் யாராச்சும் நிக்கிறாங்களா?”

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் திரும்பச் சொன்னார். “தீர்மானம் அப்படித்தானே இருக்கு. மெம்பர் கையிலதான் குடுக்கலாம்.”

தலைவர் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். பொருளாளர் சிங்கப்பூரில் மகளுடைய பிள்ளைப்பேற்றுக்கு. போசகர் காதுக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குபவர். உப பொருளாளர் பதவிக்கு இந்த வருடம் ஆள் கிடைக்கவில்லை.

“நான் போன வருசம் உப பொருளாளர்” என்றார் ராணி அக்கா.

“போன வருஷம் செல்லாது.”

“அப்ப இந்த வருசமும் என்னைப் போடுங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?”

உள்ளே யோசனை. “முன்மொழியிறது யாரு?”

“நான்” என்று நிலத்தில் படுத்தபடியே சொன்னேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு வேகமாக முன்மொழிந்ததில்லை.

“வழிமொழியிறது?”

பியதாசவுக்கு வாக்குரிமை இல்லை. அந்த நேரத்தில் இரண்டாம் மாடி அதிபர் பெனியனோடு படியேறி வந்தார்.

“என்ன சத்தம்?”

“சேர், ராணி அக்காவை வழிமொழியுங்கோ.”

“எதுக்கு?”

“கமிட்டிக்கு.”

“அதுக்கு முறைப்படி அறிவித்தல் குடுத்துக் கூட்டம்...” என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். “வழிமொழியிறன்” என்றார்.

“ஏகமனதாவா?” என்றது உள்ளிருந்த குரல். மிகவும் மெலிந்திருந்தது.

நாங்கள் கை உயர்த்தினோம். பியதாசவும் உயர்த்தினார். மூடிய கதவுக்கு முன்னால் நான்கு பேர் கையை உயர்த்திக்கொண்டு நின்றோம். யாருக்கு என்று எங்களுக்கே தெரியவில்லை.

“நான் பாத்தனான் அங்கிள்” என்றாள் மகள். “எல்லாரும் கை தூக்கினவை.” அவள் நின்ற இடத்திலிருந்து எங்கள் கால்கள் தெரிந்திருந்தாலே அதிகம்.

அதற்குப் பிறகும் சாவி வரவில்லை. உள்ளே மகள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். சங்கிலி உரசியது. அவள் பரீட்சைக்குக் கோடு கீற வைத்திருந்த அடிமட்டத்தின் நுனி வெடிப்புக்குள்ளால் நீண்டு, சாவியையும் சிலுவையையும் சேர்த்து வெளியே தள்ளியது. ராணி அக்கா அதை முறைப்படி பெற்று, பியதாசவிடம் கொடுத்தார்.

கதவு திறந்தபோது நான் முதலில் மகளைத்தான் பார்த்தேன். நேராக நின்றுகொண்டிருந்தாள். முகம் வியர்த்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. கையில் வைத்திருந்த அனுமதி அட்டையால் கீழே விசிறிக்கொண்டிருந்தாள். அவர் மூலையில் நிலத்தில் குந்தி, முழங்காலை நெஞ்சோடு அணைத்து, அவளுடைய பாவாடை நுனியைப் பிடித்திருந்தார். சேர்ட் உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளிறி, கண் மூடியிருந்தது.

“பிறகு அங்கிள்?” என்றாள் அவள், எங்களைப் பார்க்காமல். “வைக்கிங் ஆக்கள் காத்துக்கு என்னெண்டு சொன்னவை?”

“லொப்ட்” என்றார் அவர். “காத்துக்கும் அதுதான். வானத்துக்கும் அதுதான். ஒண்ண அங்க கொண்டுபோறதுதான் லிஃப்ட். ஸ்கொட்லாந்துல பழைய ஆளுங்க வானத்தையே லிஃப்ட்டுன்னுதான் சொல்லுவாங்க, புள்ள.”

“கதவு திறந்திட்டுது அங்கிள்.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “நிச்சயமா?”

“ஓம்.” பிறகு என்னிடம், ஒரு சாதாரண விசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். “பூட்டின இடம் எண்டால் அவருக்குப் பயம் அம்மா. கதைச்சால்தான் மூச்சு வருது. அவர் நிப்பாட்டேக்கை எல்லாம் நான் அடுத்தது என்ன எண்டு கேட்டனான். நீங்கள்தான் நடுவில நிப்பாட்டச் சொல்லிப்போட்டீங்கள்.”

ஆறாம் மாடியிலிருந்து கீழ்வரை அளவெடுத்த அந்தப் பேச்சுகள் எல்லாம் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு பயத்தோடு ஒருவர் தினமும் அதற்குள் ஏறியிருக்கிறார்.

அவரோடு பேச நேரமிருக்கவில்லை. ராணி அக்கா அவரைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் ஓட்டோ பிடித்துப் பறந்தோம். மண்டபத்தின் கேற்றை மூட ஆயத்தமானபோது அவள் உள்ளே போனாள். நான் வெளியே மதிலில் சாய்ந்து நின்றேன். தண்ணீர்ப் போத்தல் என் கையிலேயே இருந்தது. பெறுபேறு வந்தபோது அவள் தேர்வுக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள். அதை எங்கள் வீட்டில் பெரிதாகக் கொண்டாடினோம். ஆனால் அந்த வருடத்தை நினைத்தால் எனக்குப் பெறுபேறு நினைவுக்கு வருவதில்லை, கதவடியில் இருந்த வெடிப்புத்தான் வருகிறது.

அடுத்த கூட்டம் ராணி அக்காவின் தெரிவு செல்லுமா என்பதிலேயே போனது. லிஃப்ட்டுக்குள் இருந்த செயலாளரைக் கூட்டத்துக்குச் சமுகமளித்தவராகக் கொள்ளலாமா என்று அதிபர் கேட்டார். லிஃப்ட் எந்த மாடியில் நின்றது என்பதைப் பொறுத்தது என்றார் ஒரு கணக்காளர். இன்னொரு சாவி வெட்டுவதற்கு மூன்று இடத்தில் விலை கேட்பதாகத் தீர்மானித்துக் கலைந்தோம். அவர் செயலாளர் பதவியை விட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிறகு நான் லிஃப்ட்டில் ஏறவில்லை. அவரும் ஏறவில்லை. ஐந்தாம் மாடிக்காரியான நானும் ஆறாம் மாடிக்காரரும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்வோம். திருப்பங்களில் நின்று மூச்சு வாங்குவோம். இருந்த மூச்சு ஏறுவதற்கே போதாது என்பதால் அவர் ஒன்றும் விளக்குவதில்லை. நான் மன்னிப்புக் கேட்கவேண்டுமோ, அவர் கேட்கவேண்டுமோ என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. “காத்து நல்லா வருது” என்பார். “ஓம் அங்கிள்” என்பேன். மகள் மட்டும் லிஃப்ட்டில் ஏறி எங்களைக் கடந்து போவாள். அவள் போகும் சத்தம் முடியும்வரை நான் நின்ற படியிலேயே நிற்பேன். நான் அசையும்வரை அவரும் அசையமாட்டார்.

இரண்டு வருடங்களில் அவருடைய முழங்கால் பழுதாகிவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போவது குறைந்து, பிறகு நின்றது. வெறுப்போடு வெள்ளவத்தைப் பாண் சாப்பிட்டார். கடைசியில், ஹெந்தளையில் கலியாணம் முடித்திருந்த அவருடைய மகள் தன்னோடு கூட்டிப்போக வந்தாள். மாடி இல்லாத வீடு.

சாமான்கள் எல்லாம் லிஃப்ட்டில் இறங்கின. அலுமாரி, தையல் மெஷின், அகராதி வைத்த பெட்டி எல்லாம் போய் முடிந்து, அவர் மட்டும் மிஞ்சினார். கால் வீங்கியிருந்தது. இரண்டு படி இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறினார். லொறிக்காரப் பையன்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திக் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

“என்னய யாரும் தூக்கத் தேவையில்ல” என்றார். அகராதியை விளக்கும் குரல் அல்ல அது.

வழியனுப்ப நானும் மகளும் மேலே போயிருந்தோம். அவர் லிஃப்ட் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மகள் கீழே காரோடு நின்று போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றிருப்பாரோ தெரியாது.

“நான் உங்களோட வாறன் அங்கிள்” என்றாள் மதுரா.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

“கரண்ட் போனா?” என்று கேட்டேன்.

“போனால் நிப்பம்” என்றாள்.

“நீங்களும் வாங்கோவன் அம்மா.”

உள்ளே அந்த மஞ்சள் விளக்கையும் கண்ணாடியையும் பார்த்ததும் ஓரடி பின்னுக்குப் போய்விட்டேன்.

“வேணாம் புள்ள” என்றார் அவர். “அம்மாக்கு விருப்பமில்ல. அவங்க பட்டது போதும்.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அவரும் குறை நினைத்திருக்கமாட்டார். எப்படியோ படியால் இறக்கியிருப்பார்கள். அவருடைய கை இன்னும் சுவரை விடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போங்கோ” என்றேன். “மதுரா, அவரின்ரை கையைப் பிடி.”

கதவு மூடியது. நான் படியால் ஓடத் தொடங்கினேன். ஐந்தாம் மாடியில் காதை வைத்தேன். அவள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் மாடியில் அவர் சிரிப்பது போலக் கேட்டது. மூன்றாம் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினேன்.

அவர் காரின் முன் ஆசனத்தில் இருந்தார். கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுசாகத்தான் இருந்தார். பக்கத்தில் யாருமில்லை.

“மதுரா எங்க?”

“மேல போயிட்டா, மிஸிஸ். உங்களக் கூட்டிக்கிட்டு வர.”

திரும்பி ஓடினேன். லிஃப்ட் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. படியில் காலை வைத்தேன். முதலாம் மாடி போய், இரண்டாம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலிருந்து அவளுடைய குரல் படிக்கட்டுக்குள்ளால் வந்தது.

“அம்மா, எங்க நிக்கிறீங்கள்?”

“ரெண்டாம் மாடியில.”

“அங்கேயே நில்லுங்கோ. நான் வாறன்.”

மேலே லிஃப்ட்டின் கதவு மூடியது. நான் நின்றேன்.